‘மோகமுள்’ படத்தில் ஒலி முந்துகிறது, சரிசெய்வது எப்படி?

வாசகர் வட்டத்தில் தி. ஜானகிராமனின் நாவலைப் படித்து முடித்தோம். வரும் ஞாயிறு ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்த படத்தைப் போட ஏற்பாடு. என்னிடம் இருப்பது பழைய விசிடியிலிருந்து நண்பர் மாற்றிக் கொடுத்த கோப்பு. அதில்தான் சிக்கல்.

தொடக்கத்தில் எல்லாம் சரி. அரை மணியில் ஒலி 2 நொடி முந்துகிறது, ஒரு மணி நேரத்தில் 4 நொடி. பாட்டு வாத்தியார் ரங்கண்ணா (நெடுமுடி வேணு) வாய் திறக்கும் முன்பே பாட்டு வந்துவிடுகிறது! இளையராஜா இசையமைத்த சங்கீதப் படத்தை இப்படிப் பார்ப்பது கொடுமை. யமுனாவும் பாபுவும் பேசும் கடைசிக் காட்சிகளில் யார் பேசுகிறார்கள் என்றே புரியவில்லை.

விஎல்சி பிளேயரில் ‘கே’ (K) விசையை அழுத்தி ஒலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி விலகுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றியும் அதே கதை. வேறு லேப்டாப், பென்டிரைவில் டிவி, எதிலும் மாற்றமில்லை. ஆக, கோளாறு கோப்பில்தான். மூல விசிடி இப்போது நண்பரிடமும் இல்லை.

ஒலியை மட்டும் பிரித்து, தேவையான அளவு நீட்டி, திரும்பப் படத்தோடு சேர்க்க எந்த இலவச மென்பொருளில் என்ன செய்ய வேண்டும்?