ஒன்பது இடம் வேண்டாம், ஒன்று போதும்

மாமா, காலை 7:12
அடுத்த வாரக் கடைசிக்குத் திட்டம் தயார். சனி விடிகாலை கிளம்பினால் ஞாயிறு இரவுக்குள் ஒன்பது இடம் பார்த்துவிடலாம். பட்டியல் அனுப்பட்டுமா?

நான், 7:20
மாமா, அதற்கு முன் ஒன்று. போன முறை எட்டு இடம் போனோம். ஏரியை முதலில் பார்த்தோமா, அருவியையா என்றுகூட எனக்கு நினைவில்லை. கார் சீட்தான் நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா, 7:24
அருவி வரை போய்க் கால் நனைக்காமல் திரும்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் "அக்கா, நேரமாச்சு" என்று ஹார்ன் அடித்தாய்.

மாமா, 7:25
உண்மைதான் அக்கா. மன்னித்துவிடு.

பெரியப்பா, 7:41
நான் ஒன்று சொல்கிறேன். போன ஞாயிறு எங்கள் தெருவிலேயே மெதுவாக நடந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. ஒரு வீட்டின் நிலைக்கு மேல் கட்டிய ஆண்டைச் செதுக்கியிருக்கிறார்கள். முப்பது வருடமாக அந்த வழியில் வண்டியில் போகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. பக்கத்து மதிலில் ஒரு நத்தை. அது போன இடமெல்லாம் ஈரக்கோடு, வெயில் பட்டதும் வெள்ளி மாதிரி மின்னியது. காயும் வரை நின்று பார்த்தேன்.

பெரியப்பா, 7:42
(புகைப்படம்)

அண்ணி, 7:50
அருமை! டொராண்டோவில் 2007இல் 'ஜேன்ஸ் வாக்' என்று ஒன்று தொடங்கினார்கள். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நினைவாக. தெருவில் வசிப்பவர்களே முன்னால் நடந்து தங்கள் தெருவின் கதையைச் சொல்வார்கள், கட்டணம் கிடையாது. இந்தச் சனிக்கிழமை நாமும் அப்படி நடக்கலாமே. ஆளுக்கு ஓர் இடம், தெரிந்த கதையைச் சொன்னால் போதும்.

தம்பி, 8:03
நின்று நின்று போனால் தினமும் நடக்கச் சொல்லும் 10,000 காலடி தேறாதே?

பெரியப்பா, 8:09
அந்த எண் மருத்துவர் சொன்னது இல்லையப்பா. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றார்கள். அதன் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. அங்கிருந்து பரவியதுதான். எண்ணுவது தப்பில்லை, ஆனால் எண்ணிக்கைக்காக நத்தையை விட்டுவிடாதே.

நான், 8:15
சரி, இந்தச் சனி தெரு நடை. அடுத்த வாரம் காடு, ஒரே இடம், ஓர் இரவு தங்கல். நான் பார்த்த பாதை போகவர 6 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம். 1892இல் நெய்ஸ்மித் என்ற மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி ஒன்றே முக்கால் மணி நேரம். அது நிற்காமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு. நமக்கு இரண்டு மடங்கு வைப்போம். காலை 7 மணிக்கு ஏறத் தொடங்கினால் 11 மணிக்குள் அவசரமில்லாமல் இறங்கிவிடலாம்.

அம்மா, 8:21
என் முட்டி?

நான், 8:24
ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அம்மா முட்டிக்குச் சுமை. இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்வோம். நீ முன்னால் நட, உன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். எந்த இடத்தில் திரும்பச் சொல்கிறாயோ அங்கே திரும்பிவிடுவோம், உச்சி பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை.

அம்மா, 8:25
அப்படியென்றால் வருகிறேன்.

மாமா, 8:33
ஒன்பது இடத்தையும் அழித்துவிட்டேன். அங்கே சிக்னல் இருக்காது, வரைபடத்தை இன்றே இறக்கி வைக்கிறேன். இடி கேட்டால் ஏறுவதை நிறுத்திவிட்டு உடனே திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரமாவது ஆகாமல் வெட்டவெளிக்குப் போகக் கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பு.

அண்ணி, 8:40
பாட்டியை என்ன செய்வது? இரண்டுக்கும் அவரால் வர முடியாதே.

நான், 8:52
அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விவரம் கேட்டு 2019இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று இயற்கையில் இருந்தவர்கள், உடம்பும் மனதும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே நாளில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் ஒன்றுதான். நெடுநாள் நோய் உள்ளவர்களிடமும் அப்படியே. பக்கத்துப் பூங்காவுக்குச் சக்கர நாற்காலி போகும். வாரம் நான்கு நாள், அரை மணி நேரம். செவ்வாயும் வியாழனும் நான் கூட்டிப்போகிறேன்.

தம்பி, 8:54
அக்கா, சனி, ஞாயிறு மாலை நான் கூட்டிப்போகிறேன். வெளியூர் போகும் வாரம் மட்டும் வேறு நாள்.

பெரியப்பா, 9:10
பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "பூங்காவில் என்னை மர நிழலில் விடுங்கள், வாசல் பக்கம் வேண்டாம், ஆட்கள் பேசிக்கொண்டே போவார்கள், குருவிச் சத்தம் கேட்காது" என்கிறார்.