மூண்டு வோட்டும் போடோணுமா, ஒண்டு காணுமா?

வடமராட்சியான்:
கொஞ்ச நாளா எல்லா வாட்ஸ்அப் குறூப்பிலயும் ஒரு வொய்ஸ் நோட் சுத்துது. 2026 மே 7 லண்டன் கவுன்சில் எலெக்‌ஷன்ல மூண்டு கவுன்சிலரைத் தெரிவுசெய்யிற வார்ட்டில (வட்டாரத்தில) மூண்டு பேருக்கும் புள்ளடி (X) போடாட்டி உங்கட வோட்டுச் சீட்டு செல்லாது எண்டு ஒராள் அடிச்சுச் சொல்லுறார். முழுப் பொய். கேட்டதில இருந்து எனக்குப் பத்தி எரியுது. சீட்டின்ர தலைப்பில மூண்டு பேருக்கு மேல போடாதேங்கோ எண்டுதான் கிடக்கும், மூண்டு பேருக்கும் போட்டே ஆகோணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. ஒண்டு போட்டாலும் செல்லும், ரெண்டு போட்டாலும் செல்லும், நாலு போட்டால்தான் கழிப்பாங்கள். மூண்டு கவுன்சிலர் வார்ட்டில எங்கட தமிழ் ஆள் ஒருத்தர் நிண்டா அவருக்கு மட்டும் ஒரு புள்ளடி போட்டுட்டு வாங்கோ. மிச்ச ரெண்டையும் ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. அவ்வளவுதான்.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
வொய்ஸ் நோட் தப்பு, சரி. ஆனா நீங்க அதை விட மோசமான யோசனை சொல்றீங்க. கையில இருக்கிற மூணு ஓட்டுல ரெண்டை ஏன் வீணாக்கணும்? ஒரு கட்சி மூணு பேரை நிறுத்துதுன்னா மூணு பேரும் சேர்ந்துதான் வீடு வீடாப் போயி கதவைத் தட்டுறாங்க. கூட நடந்தவங்களை நடுவுல கழட்டி விட்டா அடுத்த தடவை எந்தக் கட்சி தமிழனுக்கு சீட் கொடுக்கும்?

வடமராட்சியான்:
வீணாகிறதோ? கணக்கு விளங்காட்டில் கேளுங்கோ, சொல்லித் தாறன். சும்மா ஒரு கணக்குக்கு, எங்கட ஆளோட ஒரே கட்சியில நிக்கிற ரெண்டு பேருக்கும் 1600, 1530. எதிர்க்கட்சியில முதல் ஆள் 1510. எங்கட ஆள் 1500. மூண்டு சீட், எங்கட ஆள் நாலாவது, வெளியில. இப்ப மூண்டும் போட்ட எங்கட சனத்தில 60 பேர் எங்கட ஆளுக்கு மட்டும் போட்டிருந்தால்? 1600 வந்து 1540, 1530 வந்து 1470. 1510 அப்பிடியே நிக்கும். எங்கட ஆள் 1500ஓட மூண்டாவதா உள்ள போவார். ஒரு வோட்டும் கூடேல்லை, ஆனா வெண்டிட்டார். நீங்கள் போடுற ரெண்டாவது மூண்டாவது வோட்டுத்தான் உங்கட ஆளின்ர கழுத்தை வெட்டுது.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
அதே கணக்கை முழுசா போடுங்க பாப்போம். எதிர்க்கட்சியில ரெண்டாவது ஆள் 1490ல இருக்கார்னு வைங்க. உங்க பேச்சைக் கேட்டு 60க்குப் பதிலா 120 பேர் அப்படிப் பண்ணா 1600 இருந்தவர் 1480. எதிர்க்கட்சிக்காரன் ரெண்டு பேர் உள்ள வந்துடுவான், உங்க ஆள் தனியா உக்காந்திருப்பார். கவுன்சிலே கை மாறிப் போச்சுன்னா அவரால ஒரு லைப்ரரியைக்கூட காப்பாத்த முடியாது. லண்டன்ல ஹாரோ கவுன்சிலைப் பாருங்க, 2022ல 55 சீட்டு, கன்சர்வேடிவ் 31, லேபர் 24. நாலு சீட்டு லேபர் பக்கம் வந்திருந்தா கதையே வேற.

வடமராட்சியான்:
120 பேர் ஒற்றுமையா ஒரு விசயம் செய்யிற சனமா நாங்கள்? அந்த நிலைமை வரட்டும், பிறகு கதைப்பம். ஒண்டு. ஒரே ஒரு புள்ளடி.

கொக்குவில் கிழவன்:
தம்பி வடமராட்சி, போன முறை நீர்தானே கோயில் வாசல்ல நிண்டு மூண்டு பேருக்கும் போடுங்கோ எண்டு லீவ்லெட் குடுத்தனீர். எனக்கும் தந்தனீர். இப்ப உம்மட சொந்தக்காரர் நிக்கிறார் எண்ட உடனை கணக்கு மாறிப்போச்சோ?

வடமராட்சியான்:
ஐயா, சொந்தக்காரர் ஒருத்தரும் நிக்கேல்லை. போன முறை எங்கட வார்ட்டில நிண்ட மூண்டு பேரில ஒருத்தரும் தமிழ் இல்லை, அதால மூண்டுக்கும் கேட்டன். இதை நான் கனதரம் சொல்லிப்போட்டன். பழைய கோயில் நிர்வாகச் சண்டையை இங்க கொண்டுவந்து இறக்காதேங்கோ.

கொக்குவில் கிழவன்:
கோயில் கணக்கைக் கேட்டவனை வெளியில போட்ட ஆக்கள் இப்ப வோட்டுக் கணக்குப் படிப்பிக்கினம். நல்லது.

டப்ளின் பாலா:
எங்க அயர்லாந்துல இந்தத் தலைவலியே கிடையாது. ஒரு ஏரியாவுக்கு 3ல இருந்து 7 சீட் வரைக்கும் இருக்கும், ஆனா உங்க கையில இருக்கிறது ஒரே ஓட்டு. 1, 2, 3ன்னு விருப்ப வரிசை போடுவீங்க. உங்க முதல் ஆள் ஜெயிச்சு அவருக்குத் தேவைக்கு மேல ஓட்டு மிஞ்சினாலோ, அவர் போட்டியிலேயே இல்லாமப் போனாலோதான் அது ரெண்டாவது ஆளுக்கு நகரும். ரெண்டாவதா எழுதுறது முதல் ஆளை எந்தக் காலத்துலயும் வெட்டாது. 2024 ஜூன்ல 949 கவுன்சிலர்களையும் இப்படித்தான் தேர்ந்தெடுத்தாங்க. குடியுரிமை இல்லாட்டியும் இங்க வசிச்சாலே லோக்கல் எலெக்‌ஷன்ல ஓட்டு உண்டு. ஸ்காட்லாந்தும் 2007ல இருந்து இதே முறைதான், வட அயர்லாந்து 1973ல இருந்தே.

வடமராட்சியான்:
பாலா, நாங்கள் டப்ளின்ல இல்லை. லண்டன் சீட்டில 1, 2, 3 எழுதச் சொல்லி ஆரும் இதை வாசிச்சிட்டுப் போய் எழுதப் போகினம், தயவுசெய்து குழப்பாதேங்கோ. இஞ்ச புள்ளடிதான். அதுவும் ஒண்டு.

டப்ளின் பாலா:
குழப்புறது நான் இல்ல. உங்க முறை கோணலா இருக்கு, அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் இப்படி அடிச்சுக்கிறீங்க. 2014ல லண்டன் நியூஹாம் கவுன்சில்ல 60 சீட்டு, அறுபதும் லேபர். லூவிஷம் கவுன்சில்லயும் 2018லயும் 2022லயும் 54க்கு 54ம் லேபர். ஊர்ல ஒருத்தன்கூட வேற கட்சிக்கு ஓட்டுப் போடலையா? போட்டான், அத்தனையும் காத்துல போச்சு. அதைப் பேசுங்கய்யா.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
நியூஹாம் 2022ல 66 சீட்டுல லேபருக்கு 64தான், க்ரீன் கட்சி ரெண்டு ஜெயிச்சாங்க, ரெண்டும் ஒரே வார்டு. அவங்க எப்படி ஜெயிச்சாங்க? அந்த ரெண்டு பேரையும் சேர்த்தே நிறுத்தி சேர்த்தே ஓட்டு கேட்டு ஜெயிச்சாங்க. டவர் ஹாம்லெட்ஸ்ல பங்களாதேஷ்காரங்க அதே வருஷம் ஆஸ்பயர் கட்சில 45ல 24 எடுத்து கவுன்சிலையே பிடிச்சாங்க. ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுட்டு மிச்சத்தை வெறுமையா விட்டா பிடிச்சாங்க? இதுக்கு பதில் சொல்லுங்க சார்.

வடமராட்சியான்:
பதில் கிடக்கு. 2006ல லண்டன் பார்க்கிங் டகெனம் கவுன்சில்ல பி.என்.பி (பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி) நிறுத்தினது வெறும் 13 பேர், வெண்டது 12. நாசமாப் போன இனவாதக் கட்சி, எனக்கு அவங்களைக் கண்ணில காட்டக்கூடாது, ஆனா 51 சீட்டுக்கும் ஆள் போடாமல் அளந்துதான் இறக்கினவங்கள். எல்லாத்துக்கும் ஆசைப்படாதவன்தான் வெண்டான்.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
அந்தப் பன்னெண்டு சீட்டையும் 2010ல ஒண்ணு விடாம தோத்து 51ம் லேபருக்குப் போச்சே, அதை ஏன் விட்டுட்டீங்க? ஒப்பிட வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?

டூட்டிங் அக்கா:
நான் வோட்டு எண்ணுற வேலைக்குப் போறனான், அதால ஒரு விசயம் சொல்லுறன். ஒரே கட்சியின்ர மூண்டு பேருக்கும் விழுந்த சீட்டை முதல்லயே தனிக் கட்டாக் கட்டிப்போடுவம். கலந்து விழுந்தது, ஒண்டு மட்டும் போட்டது எல்லாம் வேற கட்டு, அதைத் தாளில பேர் பேராக் கோடு போட்டு எண்ணோணும், விடிய விடிய அதுதான் வேலை. கட்சி ஏஜென்ட்மார் பெட்டி திறக்கிற நேரத்தில இருந்தே மேசைக்கு முன்னால நிண்டு பாத்துக் குறிச்சுக்கொண்டு நிப்பினம். ஆர் போட்டது எண்டு தெரியாது, ஆனா எந்தப் பெட்டியில தனி வோட்டுக் கூட எண்டு ஓரளவு தெரியும். அடுத்த முறை ஆரை நிறுத்திறது எண்டு முடிவெடுக்கேக்க அந்தக் குறிப்பையும் பாப்பினம்.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
அக்கா சொன்னதைப் படிங்க சார். இதைத்தான் முதல் பதிவுலயே சொன்னேன்.

வடமராட்சியான்:
அக்கா சொன்னது எனக்குத்தான் சாதகம். பாக்கட்டும்! இந்தத் தெருவில தமிழ் வோட்டு இவ்வளவு கிடக்கு, தமிழ் ஆளைப் போடாட்டில் ஒண்டும் கிடைக்காது எண்டு விளங்கட்டும். இன்னொண்டு. சீட்டில பேர் வாறது சேர்நேம் எழுத்து வரிசையில. எங்கட ஆக்களுக்குச் சேர்நேம் எண்டு போறது அநேகமா தேப்பன்ர பேர், எஸ், ரி, வி எண்டு அடியில கிடக்கும். ஒரே கட்சிக்குள்ளயே ஏ, பி எழுத்துக்காரருக்கு வோட்டுக் கூட விழும், கீழ கிடக்கிறவருக்குக் குறையும். மூண்டையும் நேர்மையாப் போட்டால் எப்பவும் தோக்கிறது எங்கட ஆள்தான். அந்தக் குறையை நிரவத்தான் ஒண்டு எண்டுறன்.

கொக்குவில் கிழவன்:
எங்கட தமிழ்ப் பிள்ளை உமா குமரன் 2024ல ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவில எம்.பியா வந்தவ. ஒரு கணக்கும் பாக்கேல்லை, உழைச்சு வந்தவ.

வடமராட்சியான்:
அது எம்.பி எலெக்‌ஷன் ஐயா! ஒரு தொகுதிக்கு ஒராள், ஒரு வோட்டு. மூண்டு வோட்டுக் கதைக்குள்ள அதை ஏன் கொண்டு வாறியள்?

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
தமிழ் ஆள் தமிழ் ஆள்னு சொல்றீங்களே, போன தடவை எங்க ஏரியால மதுரைப் பையன் ஒருத்தர் நின்னப்போ உங்க ஆளுங்க எத்தனை பேர் ஓட்டுப் போட்டீங்க? அப்போ மட்டும் "அவர் இந்தியா". அந்த வலி எங்களுக்கு இன்னும் இருக்கு.

வடமராட்சியான்:
விசால வந்த ஆக்களுக்கு இந்த ஊர்ப் பிரச்சினை விளங்காது, அதால சில பேர் யோசிச்சிருப்பினம்.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
விசாவா? இந்தியாவும் காமன்வெல்த், இலங்கையும் காமன்வெல்த். இங்க இருக்கிறதுக்கு அனுமதி இருந்தா விசால இருக்கிறவனுக்கும் லோக்கல்ல ஓட்டு உண்டு, கவுன்சில் டாக்ஸும் நாங்க கட்டுறோம். நீங்களும் ஒரு நாள் கையில பேப்பரோட ஹீத்ரோல வந்து நின்னவங்கதானே? இப்படிப் பேச வாய் எப்படி வருது?

டூட்டிங் அக்கா:
ரெண்டு பேரும் நிப்பாட்டுங்கோ. ஐடி இல்லாமப் போய் எத்தினை தமிழ் ஆக்கள் திரும்பி வரப்போகினமோ எண்டு எனக்குக் கவலையாக் கிடக்கு. 2022ல லண்டன்ல ஐடி கேக்கேல்லை, இந்த முறை கேப்பாங்கள். இந்தியன் பாஸ்போர்ட், சிறிலங்கன் பாஸ்போர்ட் ரெண்டும் எடுப்பினம். அம்மா அப்பாவின்ர ஃப்ரீடம் பாஸும் (வயசானவைக்குக் குடுக்கிற இலவசப் பயண அட்டை) எடுப்பினம். அதை குறூப்பில போடுங்கோ முதல்ல.

வடமராட்சியான்:
போடுவம் அக்கா, பாஸ்போர்ட்டோட போய் ஒண்டு மட்டும் போடச் சொல்லிப் போடுவம். செந்தில், விசாக் கதை கதைச்சது உமக்கு எண்டு நான் சொல்லேல்லை, நீரே எடுத்துத் தலையில போட்டுக்கொண்டீர். நான் கேட்ட கணக்குக்கு, 1500ஆல எங்கட ஆள் உள்ள வந்ததுக்கு, இன்னும் நேரான பதில் இல்லை.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
1490க்கு நீங்க பதில் சொல்லல. டவர் ஹாம்லெட்ஸுக்கும் சொல்லல. மதுரைப் பையனுக்கும் சொல்லல.

வடமராட்சியான்:
1490 எண்டது உம்மட கற்பனை.

செந்தில்_ஈஸ்ட்ஹாம்:
உங்க 1500 மட்டும் கவுன்சில் வெப்சைட்ல இருந்து எடுத்ததா?

கொக்குவில் கிழவன்:
கோயில் கணக்கும் இப்பிடித்தான் எழுதினவர்.