வாடகைக்கு விட்ட வீடு, வங்கிக் கடன், டெக்ஸ்: எனக்கு நடந்தது

இலங்கையில் ஹட்டனில் இருக்கும் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வேலைக்காகக் கண்டியில் இருக்கிறேன். வீடு கட்ட எடுத்த வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது, மாதத் தவணை 32,000 ரூபா. ஒரு கம்பனி தன் ஆட்கள் தங்குவதற்கு வீட்டை எடுத்திருக்கிறது, வாடகை 40,000. 2024/25 வரி மதிப்பாண்டுக்குத்தான் முதன்முறையாக நானே வரி ரிட்டர்ன் நிரப்ப உட்கார்ந்தேன்.

அதற்கு முன் யூடியூப்பில் தமிழில் தேடினேன். வினை அங்கேதான். வந்ததெல்லாம் தமிழ்நாட்டு வீடியோ. அழகாகத்தான் சொல்லித் தருகிறார்கள்: வாடகையில் 30 வீதம் கழி, வட்டியைக் கழி, கடன் முதலுக்கு 80சி என்ற அவர்கள் சட்டப் பிரிவில் ஒன்றரை லட்சம் வரை கழி. நானும் கொப்பியில் போட்டேன். ஆண்டு வாடகை 480,000. அதில் 30 வீதம் 144,000, தவணை 384,000. கணக்கு மைனஸில் போய் நின்றது. வரியே இல்லை என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்தேன்.

வரிக் கணக்குப் பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது இந்தியாக் கணக்கு" என்று பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

இங்கே நடப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். தனிநபருக்கு வாடகையில் 25 வீதம் கழிவு, திருத்தம் பராமரிப்பு தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதை எடுத்தால் உண்மையில் செய்த திருத்தச் செலவைத் தனியாகக் காட்ட முடியாது. மழைக்குத் தகரம் ஒழுகி, சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்து, பெயிண்டுக்கும் தகரத்துக்கும் கொடுத்த காசுக்கு ரப்பர் பாண்ட் போட்டுப் பில் கட்டு வைத்திருந்தேன். அண்ணன் அதை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

தவணையில் கடன் முதல் கழியாது, வட்டி மட்டும்தான். அதுவும் கடன் பணம் அந்த வாடகை வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். சரி, வட்டி எவ்வளவு? எனக்கே தெரியாது. வங்கிக் கிளையில் கேட்டால், தவணை கட்டியது எஸ்எம்எஸ்ஸில் வருமே என்றார்கள். இரண்டாம் தடவை கடிதம் தந்தார்கள், ஆனால் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கு. நம் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மூன்றாம் தடவைதான் சரியான கடிதம் கைக்கு வந்தது. வட்டி 210,000.

இப்போது கணக்கு: 480,000-இல் 120,000 போய், 210,000 போய், மீதி 150,000. என் சம்பளம் ஆண்டுக்கு 15 லட்சம். அந்த ஆண்டின் தனிநபர் நிவாரணம், அதாவது வரியில்லாமல் விடும் தொகை, 12 லட்சம் கழிந்தபின் மிஞ்சும் 3 லட்சத்துக்கு ஆபீசிலேயே 6 வீதம் பிடித்துவிட்டார்கள். வாடகை மீதியும் அதே 6 வீதப் படிக்குள் விழுந்தது, 9,000 ரூபா. வட்டிக் கடிதம் இல்லாவிட்டால் ஒரு பங்கு அடுத்த உயர்ந்த படிக்கு ஏறி 31,200 ஆகியிருக்கும்.

வாடகைக்கு எடுத்தவர் வாடகையில் வரி பிடித்துக்கொண்டு தருவதும் உண்டு. அதோடு வாடகை வரி முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். முடியாதாம், அது முற்பணம் மாதிரி. பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி ரிட்டர்னில் காட்ட வேண்டும். என் ரிட்டர்னை நவம்பர் 30-க்கு முன் போட்டுவிட்டேன். 

இதைப் படித்தவர்கள் எழுதியவை:

பண்டாரவளையிலிருந்து: எங்களுடையது மேல்மாடி மட்டும் வாடகை, கீழே நாங்கள். கடன் முழு வீட்டுக்கும் எடுத்தது. முழு வட்டியையும் போட்டிருந்தேன் தம்பி. மாடிக்குரிய பங்கு மட்டும்தான் என்று சதுர அடிக் கணக்கில் பிரித்துத் திருத்தினோம். பாதிக்கும் குறைந்துவிட்டது.

தலவாக்கலையிலிருந்து: நான் வீட்டுக் கடன் என்று எடுத்து, அதில் ஒரு பங்கில் திரீவீல் வாங்கினேன். அந்தப் பங்கு வட்டியை வாடகையில் கழிக்க முடியாதாம். கடனுக்கு என்ன பெயர் என்பது முக்கியமில்லை, காசு எங்கே போனது என்பதுதான் கேள்வி.

கண்டியிலிருந்து: பழைய ஞாபகத்தில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020இலிருந்து 2022 முடியும்வரை சில செலவுகளைக் கழிக்கவிட்ட 12 லட்ச செலவின நிவாரணத்துக்குள் அது இருந்தது. 2023 ஜனவரியோடு போய்விட்டது. அப்புறம், 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் நிவாரணம் 18 லட்சம். அடுத்த ரிட்டர்னில் உங்கள் கணக்கே மாறும்.

பதுளையிலிருந்து: அந்த வட்டிக் கடிதத்துக்கு வங்கியில் காசு எடுத்தார்களா அண்ணே?

ஹட்டன்காரன்: எடுத்தார்கள். அதையும் கழிக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.