கணித்தது பலிக்காத படத்தை ஏன் இன்னும் பார்க்கிறோம்?

மண்டபம் வாசகன் (கேள்வி):
ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968-இல் வெளிவந்த ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தைச் சென்ற வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகனோடு மூன்றாம் முறையாகப் பார்த்தேன். அந்த 2001 வந்து போய்விட்டது. நிலவில் குடியிருப்பும் இல்லை, வியாழனுக்குப் போன மனிதரும் இல்லை. சோதிடம் இவ்வளவு பொய்த்த பிறகும், முதல் 25 நிமிடம் வரை ஒரு சொல்கூடப் பேசப்படாத இந்தப் படத்தை அவன் கைப்பேசியைத் தொடாமல் பார்த்தானே, அது எதனால்?

தொண்டி ரசிகர்:
ஐயா, கைவேலைதான் காரணம் என்பேன். கணினி வரைகலை இல்லாத அந்தக் காலத்தில் ஏறத்தாழ 38 அடி விட்டமுள்ள சக்கரத்தையே அரங்கமாகக் கட்டி, ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக்கு வரும் ராட்டினத்தைப் போல அதைச் சுழலவிட்டு, நடிகரை அதன் அடிப்பகுதியில் ஓடவைத்துப் படம் பிடித்தார்கள். உண்மையான பாரம் சுழல்வதால் கண் அதை மறுப்பதில்லை. மனிதன் நிலவில் கால் வைத்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

ராமேஸ்வரம் பயணி:
நான் மாறுபடுகிறேன். இருமுறை பார்த்தேன், இருமுறையும் கடைசிப் பகுதியில் உறங்கிவிட்டேன். குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலில் அந்த முடிவு ஓரளவு விளங்குகிறது. விளங்காமல் விட்டதைப் படத்தின் ஆழம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விண்கலத்தை இயக்கும் ஹால் என்னும் கணினி, தனக்குக் கேட்காதபடி ஒலியை அடைத்துவிட்டுப் பேசும் விண்வெளி வீரர் இருவரின் உதட்டசைவைப் படித்துவிடும் இடத்தில் மட்டும் எனக்கு உறக்கம் வந்ததில்லை.

கீழக்கரையான்:
அந்த இடத்துக்குப் பின் வருவதுதான் என் விடை. சங்கு எடுக்கப் போகும் என் மச்சானுக்கு இப்படத்தைக் காட்டினேன். குரங்குகளையும் கருங்கல் பலகையையும் அவர் பொருட்படுத்தவில்லை. கலத்துக்கு வெளியே செல்பவனின் மூச்சொலியும் காற்றின் சீறலும் தவிர வேறெதுவும் கேட்காத காட்சி வந்ததும், படகிலிருந்து காற்று தரும் கம்ப்ரசர் குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு கடலடியில் இருக்கையில் தமக்கும் இதே ஒலிதான் கேட்கும் என்றார். ஹால் ஏவிய சிறு ஊர்தி மோதிக் காற்றுக்குழாய் பிடுங்கப்பட்டு, மூச்சொலி சட்டென்று நின்றபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். முத்துக்குளித்த நாட்களில் மூழ்குபவனை மேலே இழுக்கும் கயிற்றை அவன் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வதுண்டு. மேலே இருப்பவன் நம்மவனா என்ற அந்தப் பழைய அச்சத்தைத்தான் குப்ரிக் விண்வெளிக்குக் கொண்டுபோனார் என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்கு 2001 வந்தால் என்ன, போனால் என்ன? (கிளார்க் 1956-இல் நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் குடியேறியதே பெரும்பாலும் கடலில் மூழ்கும் ஆசையால்தான்.)

ராமேஸ்வரம் பயணி:
இதை ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பகுதியை அல்ல.

மண்டபம் வாசகன்:
காக்கா (அண்ணா), உங்கள் மச்சான் கடலில் இறங்கும்போது படகில் குழாயைப் பார்த்துக்கொள்பவர் யார்?

கீழக்கரையான்:
நான்தான். படம் முடிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார்.