ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு நடை: யோசனை சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காகப் பெப்ரவரியில் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு நடக்கப் போகிறோம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு தர ஆட்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் பாதியில் பஸ் ஏற முடியாது!

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கால் களைத்த நேரத்தில் வரும் அந்தக் கடைசி ஏற்றம்தான் பயம். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போனவர்கள் இங்கே இருப்பீர்கள்தானே, கொப்புளம் வராமல் என்ன செய்தீர்கள்? புதுச் சப்பாத்தை எவ்வளவு முன்பே போட்டுப் பழக வேண்டும்? முழங்கால் போவது இறக்கத்தில்தான் என்கிறார் அப்பா. அதற்குத் தனிப் பயிற்சி உண்டா?

அப்புறம், ஏ7 வீதி வளைவுகளில் பஸ்கள் வரும் வேகம் தெரியும்தானே. தேயிலைக்குள் குறுக்குப்பாதை தெரிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வோம், அது பரவாயில்லை.