கோழியைத் துரத்தும் சிப்பிப்பாறைக் குட்டி: கட்டிப் போடாம பழக்க வழி இருக்குதுங்களா?

கிளுவைவேலி:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்துல வீடு. சிப்பிப்பாறை ஆண் நாய்க்குட்டி, வயசு நாலு மாசம் ஆகப்போகுது, எடை 9 கிலோ. 45ஆம் நாள் ஒரு ஊசி, 70ஆம் நாள் ஒரு ஊசி போட்டாச்சு. வெறிநாய் ஊசி இன்னும் போடலை.

பத்து நாளா நாட்டுக்கோழியைக் கண்டா துரத்துது. ரெண்டு குஞ்சு போச்சு. வெள்ளாட்டுக் குட்டி ஓடுனாலும் பின்னாலயே ஓடுது, ஆனா பெரிய ஆடு திரும்பி நின்னா இதும் அப்படியே நின்னுக்குது. இப்போதைக்குப் பகல் பூரா கட்டுத்தறியில சங்கிலில கெடக்குது. பொழுதோட அவுத்து விட்டா முன்னைக்கு இப்ப வேகம் எச்சு.

ஊருக்குள்ள மூணு வைத்தியம் சொல்றாங்க. செத்த கோழியைக் கழுத்துல கட்டி விடு. முன்னங்காலுக்கு நடுவுல தொங்கற மாதிரி கட்டை கட்டு. கோழிக்கறி போடறதை நிறுத்து, ருசி கண்டுதான் பிடிக்குது. இதுல எது நெசமுங்க?

சாப்பாடு: வெடியால பாலும் பிரெட்டும், மத்தியானம் தயிர் சோறு, ராத்திரிக்குக் கோழிக்கால், ஈரல் போட்டு வேக வெச்ச சோறு. காதுக்குள்ள நாலஞ்சு உண்ணி இருக்குது. மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்து வீட்டுல இருக்குது, அதையே கலந்து ஊத்தலாமுங்களா?


மேய்ச்சல்காடு:

மத்ததெல்லாம் பொறவு. மாட்டு மருந்தை ஊத்தாதீங்க.

அந்த பாட்டில்ல பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் இதுல ஏதாவது ஒண்ணு இருக்கும். மாட்டுக்குக் கலக்கற அளவு வேற. மாடு ஒடம்பு பூரா நக்காது, குட்டி நக்கும். முதல் ரெண்டும் எச்சாப் போனா வாயில நுரை, நடுக்கம், தள்ளாட்டம் வரும். அமிட்ராஸ்னா தூங்கி விழும், ஒடம்பு சில்லிட்டுப் போகும். நாலு மாசத்துக்கு உள்ள இருக்கிற குட்டிக்கு அமிட்ராஸ் ஆகவே ஆகாது. ஏற்கெனவே யாராச்சும் ஊத்தியிருந்தா, பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி போட்டு ரெண்டு தடவை கழுவி, பாட்டிலையும் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க. மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசியும் அப்படித்தான்: 1 சதவீத மருந்துல ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்குது, 9 கிலோ குட்டிக்கு அதைக் கண்ணளவுல போட முடியாது.

குட்டிக்குன்னு பிப்ரோனில் ஸ்ப்ரே இருக்குது, இல்லைன்னா வாயில குடுக்கற மாத்திரை. ரெண்டும் எடைக் கணக்கு. குட்டியைத் தராசுல நிறுத்து எடையைச் சொல்லி வாங்குங்க.

காதுல இருக்கிற நாலஞ்சை முள்ளெடுக்கற இடுக்கியில தோலை ஒட்டிப் பிடிச்சு, முறுக்காம நேரா இழுங்க. மண்ணெண்ணெய் தடவறது, நகத்துல நசுக்கறது ரெண்டும் வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணியில போட்டுடுங்க.

நாய் மேல தெரியறது கொஞ்சந்தான். நாயுண்ணி ரத்தம் குடிச்சதும் கீழ விழுந்து, செவத்து வெடிப்பு, ஓட்டுக்கு அடி, கட்டுத்தறி மரச்சட்டம்னு மேல ஏறிப் போயி முட்டை வெக்கும். ஒரு பொட்டை உண்ணி ஆயிரக்கணக்குல வெக்கும். அதனால வெடிப்பையெல்லாம் சுண்ணாம்போ சிமெண்ட்டோ வெச்சு அடைங்க. நாய் படுக்கற சாக்கை வாரம் ஒருக்கா கொதிக்கற தண்ணியில போடுங்க. எடத்துக்கு மருந்து அடிச்சா நல்லாக் காயற வரைக்கும் நாயைக் கூட்டி வராதீங்க. பூனை இருந்தா இன்னும் கவனம், மெத்ரின்னு முடியற மருந்து பலது பூனையைக் கொன்னுடும். காய்ச்சல், சாப்பிடாம சுருண்டு படுக்கறது, ஈறு வெளுத்துப் போறது, மூக்குல ரத்தம், மூத்திரம் காப்பி நெறத்துல போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ரத்தப் பரிசோதனை பாக்கோணும்.


விசில்:

உண்ணிக்கு மேலே சொன்னது போதும். நான் துரத்தலுக்கு வருகிறேன்.

செத்த கோழி வைத்தியம் ஏன் பலிக்காது என்றால், நாய் தான் செய்ததையும் அதனால் வந்ததையும் ஒன்றிரண்டு நொடிக்குள் நடந்தால்தான் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காலையில் ஓடிய ஓட்டத்துக்கும் மத்தியானம் கழுத்தில் நாறும் கோழிக்கும் அதன் கணக்கில் தொடர்பே கிடையாது. புழு வைத்துத் தோல் புண்ணாகும். சில நாய் அதையே பிய்த்துத் தின்றும் விடும். கட்டை கட்டுவது அதைவிட மோசம். சிப்பிப்பாறைக்குக் கால் ஒல்லி, நாலு மாதத்தில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓடும் ஒவ்வொரு முறையும் கட்டை முட்டியில் அடிக்கும், வேலியில் மாட்டினால் கழுத்தும் போகும்.

ருசி விஷயம்: வேகவைத்த கறிக்கும் ஓடுகிற கோழிக்கும் நாயின் தலையில் சம்பந்தம் இல்லை. கறியை நிறுத்தினால் நாய் இளைக்கும், துரத்தல் அப்படியே இருக்கும். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது பாருங்கள். பெரிய ஆடு நின்றால் இதுவும் நிற்கிறது. ஆகவே இழுப்பது ஆடும் அல்ல, கறியும் அல்ல, ஓட்டம். கண்ணால் பார்த்து முயலை விரட்டப் பழக்கி வந்த இனம் இது. ஓடுவதே அதற்குக் கூலி, பிடிபட்டால் போனஸ். ஒவ்வொரு துரத்தலும் ஒரு நாள் சம்பளம் வாங்கின மாதிரி. பகல் முழுக்கக் கட்டி வைத்துக் கோழியை வேடிக்கை பார்க்க விட்டால் ஏக்கம்தான் ஏறும். அவிழ்த்ததும் வேகம் கூடியது அதனால்தான்.

எனவே முதல் வேலை, இனி ஒரு துரத்தல்கூட நடக்காமல் பார்ப்பது. நாய் வெளியே வரும் நேரம் கோழி கூடாப்புக்குள் (கோழி அடைக்கும் கூடைக்குள்) இருக்கட்டும். கோழி மேயும் நேரம் நாய் கோழி தெரியாத இடத்தில் இருக்கட்டும், ஆசாரமோ (வீட்டுக் கூடம்) வீட்டுக்குப் பின்பக்கமோ. சேர்ந்து இருக்கும்போது ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்) 5 மீட்டர் கயிறும். கயிற்றின் கடைசியில் முடிச்சோ வளையமோ போடாதீர்கள், செடியில் மாட்டும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, விரல் போய்விடும்.

அடுத்தது வீட்டுக்குள் "விடு" பழக்குவது. நகக்கண் அளவு வேகவைத்த கறித்துண்டை உள்ளங்கையில் மூடிக் காட்டுங்கள். நக்கும், பிராண்டும், பேசாமல் இருங்கள். முகத்தை ஒரு அங்குலம் பின்னால் எடுத்த அந்த நொடியில் "சரி" என்று சொல்லி மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் "விடு" என்பதற்குக் கொஞ்சம் காத்திரு என்று அர்த்தமாகிவிடும். பத்துப் பதினைந்து முறையில் கை மூடியதுமே முகத்தைத் திருப்பும். அதன் பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பலர் முதல் நாளிலிருந்தே விடு விடு விடு என்று கத்தி அந்தச் சொல்லையே செத்துப்போகச் செய்துவிடுகிறார்கள். பிறகு தரையில் காலடியில் மூடிய துண்டு, பிறகு எறிந்த துண்டு. ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை போதும்.

வாசலில் செய்யும்போது கோழி கூடாப்புக்குள் அடைபட்டிருக்கட்டும். நாய் கோழியைப் பார்க்கும், "விடு" சொல்லுங்கள், தலை உங்கள் பக்கம் திரும்பியதும் "சரி", கூலி. பத்தில் எட்டு முறை திரும்பினால் மறுநாள் 5 அடி நெருங்கலாம். ஆறுக்குக் கீழே வந்தால் 10 அடி பின்னே போங்கள். கோழி அடைபட்டு, மேய்ந்துகொண்டு, தீனி வீசும்போது ஓடிக்கொண்டு, கடைசியாக ரெக்கை அடித்துக்கொண்டு, இந்த வரிசை மாறக் கூடாது. வரிசையில் ஒரு படி ஏறும்போது தூரத்தைத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டையும் ஒட்டுக்கா கூட்டினால் பாழ்.

கூலியில் ஒரு நுட்பம். ஓட விரும்புகிற நாய்க்கு ஓட்டத்தையே கூலியாகக் கொடுங்கள். 4 அடி மூங்கில் குச்சி, நுனியில் 6 அடி கயிறு, கயிற்று முனையில் பழைய துணி. கோழியை விட்டுத் திரும்பியதும் துணியைத் தரையோடு தரையாக வட்டமாக இழுத்து ஓட்டுங்கள், பிடிக்க விடுங்கள். எகிறிக் குதிக்கவும் சட்டென்று திரும்பவும் வைக்காதீர்கள். வளர்கிற குட்டிக்கு மூன்று நான்கு நிமிடம் போதும்.


கிளுவைவேலி:

ரெண்டு நாளா பண்ணிப் பாத்தேனுங்க. கைக்குள்ள கறி வெச்சு பண்றது நல்லாப் பிடிச்சுக்குச்சு. ஆனா வாசல்ல கூடாப்புல இருந்து 15 அடி தள்ளி நின்னா கறியை மோந்துகூடப் பாக்கறதில்லை, கோழியையே மொறைச்சு நிக்குது. இன்னொண்ணு, ஹார்னஸ் பின்னால உருவிக்கிட்டுக் கழண்டு போகுது.


விசில்:

15 அடி ரொம்பக் கிட்டக்க. கறியை மோந்து பார்க்கவில்லை என்றால் பசி இல்லை என்று நினைக்காதீர்கள், தூரம் பத்தவில்லை என்று அர்த்தம். 50, 60 அடிக்குப் போங்கள். வாசலில் இடம் இல்லை என்றால் கூடாப்பைக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) ஓரம் தூக்கி வையுங்கள். கோழியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானாகவே உங்களைப் பார்க்கிற தூரம் ஒன்று இருக்கும், அங்கே ஆரம்பியுங்கள். உடம்பு விறைத்து, வாய் மூடி, வால் அசையாமல் நின்றால் சொல்லே எடுபடாது. பேசாமல் கூட்டிக்கொண்டு பின்னால் நடங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் செய்யுங்கள், வெயில் ஏறுவதற்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு.

ஹார்னஸ் உருவுவது இந்த இனத்துக்கே உள்ள கஷ்டம். நெஞ்சு ஆழம், இடுப்பு சிறுத்தது, பின்னால் நகர்ந்தால் நழுவிவிடும். விலா எலும்பு முடிகிற இடத்துக்குப் பின்னால் இரண்டாவது வார் இருக்கிற மாதிரி வாங்குங்கள், அல்லது இருக்கிறதிலேயே ஒரு வாரைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கழுத்துப் பட்டையும் கழன்றுவிடும், தலை கழுத்தைவிடச் சின்னது. ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்தில் இழுத்தால் அளவோடு இறுகுகிற பட்டைதான் சரி. பட்டையில் மாட்டினால் கயிறு 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். 5 மீட்டர் ஓடி வேகம் பிடித்த பிறகு கழுத்தில் வெட்டி நின்றால் தொண்டை பழுதாகும்.

கூப்பிடுவதற்கு ஒரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளைத் தட்டு வைக்கும்போதும் இரண்டு ஊது. திட்டவோ கட்டவோ ஒருபோதும் விசில் ஊதாதீர்கள்.


கட்டுத்தறி:

பழக்கற முறை பத்தி எனக்கு மறுப்பு இல்லைங்க. ஆனா ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாங்க. எவ்வளவு பழக்கினாலும் சிப்பிப்பாறையையும் கோழிக்குஞ்சையும் ஆள் இல்லாம ஒரே வாசல்ல விடற நாள் வராதுன்னே வெச்சுக்குங்க. ஆறு மாசத்துல இருந்து பத்து மாசத்துக்குள்ள ஒருக்கா எல்லாம் மறந்த மாதிரி பழையபடி ஓடும். அப்ப கயித்துக்குத் திரும்பிப் போகோணும். நாயைப் பழக்கறதை விட வேலி நம்பகமானது.

குஞ்சுக்கு 2 அங்குலச் சதுரக் கம்பிவலை ஆகாது, உள்ள புகுந்து வெளிய வந்துடும். அரை அங்குல வலை, அடியில 2 அடி உயரத்துக்கு. மேல வேணா பெரிய வலை போட்டுக்கலாம். மொத்த உயரம் 5 அடிக்குக் கொறையாம. நாய் நிக்கற பக்கம் வலையை ஒரு அடி தரையில மடிச்சு விரிச்சுக் கல்லு வெச்சுடுங்க, தோண்டறது நின்னு போகும். கிளுவை வேலி ஆட்டுக்குப் போதும், நாய்க்குட்டிக்கு அடிச்சந்துல நூறு வாசல் இருக்குது. அடியில 3 அடிக்கு வலை சேர்த்துக் கட்டோணும்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பக்கம் நாய் பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிக்கறது எவ்வளவு பெரிய பிரச்சினைன்னு தெரியும். அவுத்து விட்ட வீட்டு நாயும் ராத்திரியில ஊர் நாய்க் கூட்டத்தோட சேர்ந்துக்கும். தனியா இருக்கறப்ப திரும்பி நிக்கற ஆட்டுக்கு நின்னுக்கற நாய், கூட்டத்தோட போனா நிக்காது. ராத்திரி அடைச்சே வெக்கோணும். கழுத்துப் பட்டையில போன் நம்பர் எழுதின தகடு ஒண்ணு மாட்டுங்க.

ஊசி: 70ஆம் நாளோட நிறுத்தினது பத்தாதுங்க. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி ஒடம்புல மிச்சம் இருந்தா ஊசி வேலை செய்யாது. அதனாலதான் 16 வாரம் ஆகற வரைக்கும் ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருக்கா போடறது. இப்ப ஒண்ணு போடோணும். வெறிநாய் ஊசி 3 மாசத்துலயே போட்டிருக்கோணும், இந்த வாரமே முடிச்சுடுங்க, பொறவு வருசா வருசம். குடல் பூச்சி மருந்து ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கா, பொறவு மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஊசியெல்லாம் முடியற வரைக்கும் சந்தைக்கோ ஊர் நாய் பேண்டு வெக்கற எடத்துக்கோ எறக்கி விடாதீங்க. ரத்தக் கழிச்சல் வர வெக்கற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும்.

சாப்பாட்டுல பாலும் பிரெட்டும் எடுத்துடுங்க, கழிச்சல்தான் மிச்சம். தயிர் பரவால்லை. வேக வெச்ச கோழிக்கால் எலும்பு செதறிக் கொடலைக் கிழிக்கும். எலும்பை உருவிட்டுக் குடுங்க. ஈரல் நல்லதுதான், ஆனா தெனமும் போட்டா வைட்டமின் ஏ எச்சாகும், வாரம் ரெண்டு நாள் ஒரு துண்டு போதும். எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் தின்னா கால்சியம் பத்தாது, முன்னங்கால் வளையும். வளர்ற வயசுல அந்தக் கணக்கை வீட்டுச் சமையல்ல சரி பண்றது செரமம். பாதிக்குப் பாதி குட்டிகளுக்கான தீவனம் சேருங்க, மீதிப் பாதி சோறு, கறி, முட்டை. தீவனம் போடறப்ப தனியா கால்சியம் டானிக் ஊத்த வேண்டாம், எச்சானாலும் எலும்பு கெடும். மூணு வேளை. கொழம்பு, பிரியாணி மிச்சம் கூடவே கூடாது, வெங்காயம் ரத்தத்தை முறிக்கும். விலாவைத் தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படோணும். சிப்பிப்பாறைக்குக் கடைசி ரெண்டு மூணு விலா கண்ணுக்கே தெரியும், அது இளைப்பு இல்லைங்க.

விசிலுக்கு வந்துடுது, கோழி ரெக்கை அடிச்சாலும் திரும்பிக்குதுன்னு ஆன பொறவும், அடைக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கிற மாசம் மட்டும் கயித்தை அவுக்காதீங்க. தாய்க்கோழி நாய் மேல பாஞ்சு வரும், குஞ்சு நாலா பக்கமும் ஓடும். அதைப் பாத்துட்டு நிக்கற சிப்பிப்பாறை இன்னும் பொறக்கலை.