ஆறு கன்ஃபர்மேஷன் போதும் என்று நம்பிய நாட்கள்

2018-ல் மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் நானும் சித்தப்பா மகனும் நாலு கிராஃபிக்ஸ் கார்டு வைத்து பிட்காயின் கோல்டு என்ற கிரிப்டோ காயினுக்கு மைனிங் செய்தோம், அதாவது கணினியை ஓடவிட்டு அதன் கணக்குச் சங்கிலியில் புதுப் பக்கம் (பிளாக்) சேர்த்துக் காயின் சம்பாதிக்கும் வேலை. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை மாதிரி அந்த மாடி கொதிக்கும். கரண்ட் போனால் ஓடிப்போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைப்போம்.

அந்த மே மாதம், காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய காயின் கணக்கில் ஏறவே இல்லை. டெபாசிட்டை நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. யாரோ அந்தக் காயினின் மொத்தக் கணிப்புத்திறனில் பாதிக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் காயினைப் போட்டு விற்றுப் பணத்தை எடுத்துவிட்டு, அந்த டெபாசிட் இல்லாமல் ரகசியமாகக் கட்டிவைத்த நீளமான பிளாக் சங்கிலியை வெளியே விட்டிருக்கிறார்கள். போட்ட காயின் போடாததாகிவிட்டது. 3,88,000 காயின் அளவுக்கு இப்படி இரட்டைச் செலவு நடந்ததாகக் கணக்கு.

அம்மாவிடம் சீட்டு நோட்டை வைத்துச் சொன்னேன்: எல்லாரும் பார்த்த நோட்டு ஒன்று, ஒளித்து எழுதிய நோட்டு இன்னொன்று. எதில் அதிக உழைப்பு இருக்கிறதோ அதுதான் செல்லும். "அப்போ நம்ம காசு?" என்றார். அடுத்தவர் வாலட்டில் கை வைக்க அவர்களால் முடியாது, தங்கள் சொந்தச் செலவைத்தான் அழிக்க முடியும் என்றதும் கொஞ்சம் நிம்மதியானார். எனக்கு நிம்மதி இல்லை. பெரிய காயினான ஜீகேஷும் அதே ஈக்விஹேஷ் என்ற மைனிங் முறையில்தான் ஓடியது. அதற்கான கணிப்புத்திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். எங்கள் நாலு கார்டு அதற்கு முன்னால் எம்மாத்திரம்! ஜூலையில் பிட்காயின் கோல்டின் முறையை மாற்றினார்கள். 2020 ஜனவரியில் மறுபடியும் அடி விழுந்தது.

இதைப் படித்த ஒரு தம்பி எழுதியது: அண்ணா, நான் நாகர்கோவில். 2020 ஆகஸ்டில் வெளிநாட்டு வேலைக்கு எத்தேரியம் கிளாசிக் என்ற காயினில் கூலி வாங்கினேன். அந்த ஒரே மாதத்தில் அதன்மேல் இதே மாதிரி மூன்று தாக்குதல். முதலாவதிலேயே மூவாயிரத்துக்கும் மேல் பிளாக்குகள் மாறிப்போயின. நான் ஆறு கன்ஃபர்மேஷன், அதாவது பணம் ஏறிய பிளாக்கோடு சேர்த்து ஆறு பிளாக் ஆனதைப் பார்த்து, வந்துவிட்டது என்று ஃபைலை அனுப்பிவிட்டு இருந்தேன். பிட்காயினில் ஆறு என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதற்குப் பின்னால் மலையளவு மின்சாரம். இங்கே ஆறு என்றால் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நல்லவேளை, என் பணம் தப்பியது. பழைய பிளாக்குகளைப் புரட்ட வரும் சங்கிலியிடம் கூடுதல் வேலை கேட்கும் ஏற்பாடு அக்டோபரில்தான் வந்தது. பெரிய தொகை என்றால் இப்போதும் ஒரு நாள் பொறுத்துத்தான் ஃபைலைக் கொடுப்பேன்.

என் பதில்: தம்பி சொல்வது சரி. எக்ஸ்சேஞ்சுகள் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியதும் பலன் தந்தது. ஆனால் மைனர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. 2014-ல் ஜிஹேஷ் ஐஓ (GHash.IO) என்ற ஒரே பூல் (மைனர்கள் திறனைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டம்) பிட்காயினின் கணிப்புத்திறனில் பாதியைத் தொட்டபோது, ஆட்கள் கலைந்து வேறு பூலுக்குப் போனதால்தான் அது இறங்கியது. எங்கள் மாடியில் இப்போது ஒரு கார்டுதான் ஓடுகிறது. போன மாதம் எங்கள் பூலின் பங்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துச் சின்னப் பூலுக்கு மாற்றிவிட்டேன். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.